டிகிரியைச் சீக்கிரம் முடித்தால் ராணுவ அதிகாரி ஆவது சுலபமா? என்.சி.சி மாணவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு!

ராணுவம் என்பது புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களை 'சொல்தா' என்று அழைத்த ஊர் இது. இன்றும் லாஸ்பேட்டையிலும் காலாப்பட்டிலும் கல்லூரி மைதானங்களில் காக்கி உடையில் அணிவகுக்கும் மாணவர்கள் பலருக்கு, தோளில் நட்சத்திரம் ஏற வேண்டும் என்பதுதான் கனவு.

அந்தக் கனவுக்குள் இப்போது ஒரு புதிய கேள்வி நுழைந்திருக்கிறது. கூடுதல் கிரெடிட் எடுத்து மூன்று வருட டிகிரியை இரண்டரை வருடத்தில் முடித்துவிட்டால், அதிகாரி பயிற்சிக்குச் சீக்கிரம் போக முடியுமா?

வேக டிகிரி என்றால் என்ன?

மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஹானர்ஸுக்கு 160 கிரெடிட் தேவை. ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடுதல் கிரெடிட் எடுத்து முன்கூட்டியே முடிக்கும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் யு.ஜி.சி ஒப்புதல் அளித்தது. இதன்படி மூன்று வருடப் படிப்பை 5 செமஸ்டரில் முடிக்கலாம். முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் இதைத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு படிப்பின் மொத்த இடங்களில் 10 சதவிகிதம் வரைதான் அனுமதி. இப்படிப் பெறும் டிகிரி, அரசு வேலைக்கும் போட்டித் தேர்வுக்கும் வழக்கமான டிகிரிக்குச் சமம்.

சிக்கல் எங்கே?

என்.சி.சி மாணவர்களுக்கு ராணுவத்தில் 'ஸ்பெஷல் என்ட்ரி' என்ற தனி வழி உண்டு. எழுத்துத் தேர்வு கிடையாது. நேரடியாக ஐந்து நாள் எஸ்.எஸ்.பி நேர்காணல்தான். திருமணமாகாத ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். இதற்கான முக்கிய நிபந்தனைகள்:

• வயது 19 முதல் 25 வரை
• டிகிரியில் மொத்தமாக 50 சதவிகித மதிப்பெண்
• என்.சி.சி 'சி' சர்டிஃபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடு

மூன்றாவது நிபந்தனையில்தான் வேக டிகிரி இடிக்கிறது. 'சி' சர்டிஃபிகேட் என்பது மூன்றாம் ஆண்டு பயிற்சியோடு வருவது. அதற்கு முன் 'பி' சர்டிஃபிகேட் முடித்திருக்க வேண்டும். பரேடு வருகைப்பதிவும் முகாம்களும் கணக்கில் வரும். பாடத்தை வேகமாக முடிக்கலாம். பரேடு மைதானத்தில் நிற்க வேண்டிய வருடத்தைச் சுருக்க முடியாது. ஐந்தாவது செமஸ்டரோடு கல்லூரியை விட்டுப் போகிறவருக்கு டிகிரி கையில் இருக்கும், 'சி' சர்டிஃபிகேட் நழுவிப் போகலாம்.

கிரெடிட் வேறு, சர்டிஃபிகேட் வேறு

2021-ல் யு.ஜி.சி, என்.சி.சியை விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று அறிவித்தது. ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 24 கிரெடிட். இது டிகிரி கணக்கில் சேரும். ஆனால், பல்கலைக்கழகம் கொடுக்கும் கிரெடிட்டும் என்.சி.சி நடத்தும் 'சி' தேர்வும் ஒன்றல்ல. மதிப்பெண் பட்டியலில் என்.சி.சி பாடம் இருக்கிறது என்பதற்காக ஸ்பெஷல் என்ட்ரிக்குத் தகுதி வந்துவிடாது.

அவசரமே தேவையில்லை!

டிகிரி முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். மூன்று வருடப் படிப்பில் கடைசி ஆண்டு மாணவர்கள், முதல் இரண்டு ஆண்டுகளில் 50 சதவிகிதம் எடுத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வருடப் படிப்பு என்றால் முதல் மூன்று ஆண்டு மதிப்பெண். அதனால் வேக டிகிரியில் மிச்சமாகும் ஆறு மாதம் இங்கே பெரிய லாபம் தருவதில்லை. கூடுதல் பாடச் சுமையில் மொத்த மதிப்பெண் 50-க்குக் கீழே இறங்கினால் இருந்த வாய்ப்பும் போய்விடும்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் டிப்ளமோவோடு வெளியேறும் வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்த வழி திறக்காது. டிகிரி கட்டாயம்.

ப்ளஸ் டூ முடித்தவுடன் என்.டி.ஏ எழுதுகிறவர்களின் கணக்கு வேறு. அங்கே வயது வரம்பு பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. கல்லூரி முதலாண்டில் இருக்கும்போதும் எழுதலாம். ஆனால், தேர்வானால் எல்லோருக்கும் முதல் செமஸ்டரில் இருந்துதான் படிப்பு.

கிடைப்பது என்ன?

அமெரிக்காவில் ஆர்.ஓ.டி.சி திட்டத்தில், கல்லூரிப் படிப்புக்கே ராணுவம் உதவித்தொகை தருகிறது. இங்கே பயிற்சிக் காலத்தில் பணம் வருகிறது. ஸ்பெஷல் என்ட்ரியில் தேர்வானவர்களுக்குச் சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் 49 வாரப் பயிற்சி. கட்டணம் இல்லை, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடித்து வெளியே வரும்போது லெப்டினன்ட்!

வேக டிகிரிக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வேலை. கல்லூரி என்.சி.சி அதிகாரியிடம் போய், 'சி' தேர்வு எந்த மாதம், அப்போது மாணவராக இருப்போமா என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து முடிவெடுக்கலாம்.