வன்தட்டில் எல்லை வகுத்தல்



தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததைப் பலர் அறிவர். சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. ஒரே வன்தட்டில் இரண்டு தளங்கள் குடியிருக்க இயல்வது, தட்டைப் பிரிவுகளாக வகுப்பதனால்தான்.

நாம் பணியாற்றும் ரயில்வேயில் படுக்கைகளைக் கோட்டாக்களாகப் பிரிப்பதை இது ஒக்கும். ஒன்றில் காத்திருப்போர் பெருகியிருக்க, மற்றொன்றில் இடம் வெறுமையாய்க் கிடக்கலாம். ஆயினும் சார்ட் தயாராகும்போது எஞ்சிய தட்கல் இடங்கள் காத்திருப்போரைச் சேரும். வன்தட்டில் அங்ஙனம் எதுவும் தானாகக் கைமாறாது. ஆகவே முன்யோசனை வேண்டும்.

256 ஜிபி தட்டும் 8 ஜிபி நினைவகமும் உள்ள கணினியில் லினக்ஸ் மட்டும் நிறுவுவதாகக் கொள்வோம். கணினி எழுவதற்குரிய இ.எஃப்.ஐ. பிரிவுக்கு 1 ஜிபி; இயங்குதளம் தங்கும் ரூட்டுக்கு 50; ஸ்வாப்புக்கு 8, நினைவகத்தில் உள்ளதைத் தட்டில் எழுதிவிட்டு உறங்கவைப்போர்க்குச் சற்றுக் கூடுதல்; குடும்பத்தார் கோப்புகளுக்குரிய ஹோமுக்கு 120. எஞ்சியதை ஹோமை அடுத்து வெறுமையாக விடுக. இ.எக்ஸ்.டி.4 முறையில் ஹோமைப் பின்னர் விரிப்பது எளிது. சுருக்குவது இடர் மிக்கது.

ஹோமைத் தனியே வைப்பதன் பயன் யாது? தளம் பழுதுற்று மீண்டும் நிறுவ நேர்ந்தால், ரூட்டை மட்டும் அழித்து எழுதலாம், கோப்புகள் பிழைக்கும். ஹோமுக்கு நேரே ஃபார்மட் குறி விழாதிருத்தலை மட்டும் இருமுறை பார்க்க.

இது வெறும் வசதி அன்று. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்போரே தாராவிக்குள் இலவச வீட்டுக்குத் தகுதி பெறுவர் என்பது விதி. பழைய மின்கட்டணச் சீட்டையும் வாக்காளர் பட்டியல் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துள்ள இல்லத்தார்க்கு, ஹோமின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

எனினும் பிரிவு வேறு, படி வேறு. தட்டே பழுதானால் எல்லாப் பிரிவுகளும் ஒருங்கே போகும். வெளித்தட்டு ஒன்றில் படி எடுத்து, உறவினர் இல்லத்தில் வைக்க. மூலத் தாள்களையும் பேணுக.

பவாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. பிள்ளைகளுடன் அமர்ந்து கேட்கலாம். படி எடுத்த பின்னரே பிரிக்கத் தொடங்குக.