வேடனும் லாப வேட்டையும்

திருவண்ணாமலை ஜில்லாவில், செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்றொரு கிராமம். அங்கே ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் வாலிபர் ஒருவருக்குப் பகலெல்லாம் கடையில் வேலை. இரவில் கம்ப்யூட்டரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடுகிறார். அதில் அவர் ஏற்றிருக்கும் வேஷம் வேடன். கையில் வில், பக்கத்தில் பழக்கிய மிருகம். “அந்த நடுகல்லைப் பார்த்ததும் என் வேடன்தான் ஞாபகத்துக்கு வந்தான், தோழர்” என்றார்.

ஆட்டக்காரர் ஆட்டக்காரரோடு மோதும் சண்டையில் வேடனை ஏளனம் செய்வோர் அதிகமாம். எதிரி நெருங்கினால் ஓடுகிறான், கோழை என்கிறார்களாம். இது நியாயமா? 2004இல் வெளிவந்த ஆட்டத்தில், எதிரி எட்டு கஜத்துக்குள் வந்துவிட்டால் வேடனால் அம்பு எய்ய முடியாது. ஐந்து கஜத்துக்குள் வந்தால்தான் கத்தி எட்டும். இடைப்பட்ட மூன்று கஜத்தில் அவன் நிராயுதபாணி! ஆகவே கண்ணி வைக்க வேண்டும். மிருகத்தை ஏவ வேண்டும். அம்பால் எதிரியின் நடையைத் தளர்த்த வேண்டும். ஓடும்போதே துள்ளித் திரும்பி எய்துவிட்டு, கால் தரையில் படுமுன் மறுபடி திரும்பி ஓட வேண்டும். இது கோழைத்தனமல்ல. நெருங்கி நின்றால் தோற்றுவிடுகிறவன் கற்றுக்கொண்ட யுத்த முறை.

2007இல் கம்பெனி இந்த மூன்று கஜ இடைவெளியை நீக்கியது. 2019இல் பழைய ஆட்டத்தை மீண்டும் வெளியிட்டபோது அந்த மூன்று கஜமும் திரும்பி வந்தது. நம் வாலிபர் விரும்பி ஆடுவது அதைத்தான். கஷ்டமான விதி அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றா? 2014இல் 60 டாலர் கொடுத்தால் ஒரே நொடியில் 90ஆம் நிலைக்கு ஏறலாம் என்று கடை விரித்தார்கள். 2015 முதல் டாலரைக் கொடுத்து ஆட்டத்தின் தங்கத்தைப் பெற வழி செய்தார்கள். தங்கம் இருந்தால் ஆயுதமும் வாங்கலாம். தூக்கத்தை விட்டு ஏறியவனும் பணத்தால் ஏறியவனும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். உண்மையான கோழைத்தனம் எங்கே இருக்கிறது?

இந்த ஆட்டத்தை உருவாக்கும் உழைப்பாளிகளின் கதி என்ன? 2023இல் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியை விழுங்கியது. 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு ஜூலையில் இந்த ஆட்டத்தை உருவாக்கும் 500க்கு மேற்பட்டவர்கள் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: இதையும் சூதாட்ட ரம்மியையும் ஒரே கூடையில் போடாதீர்கள். உழைத்துக் களைத்தவனுக்கு விளையாட உரிமை உண்டு. வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை: தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். தோற்றால் எதிரியை மட்டும் திட்டாதீர்கள். விதியை எழுதியது யார், அதனால் லாபம் யாருக்கு என்றும் கேளுங்கள். எடுத்தனூர் வீரனும் தனியாகப் போராடவில்லை. அவனுடைய நாயும் உடன் நின்றது. அந்த 500 பேரும் தனித்து நிற்கவில்லை.