ரெண்டா, நாலா?

காளஹஸ்தி கிளைக்கு மாற்றலாகி வந்த புதிது. 2022 பிப்ரவரி. அப்போது காளஹஸ்தி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கலெக்டர் ஆபீசில் வங்கியாளர் கூட்டம் என்றால் சித்தூருக்குத்தான் ஓட வேண்டும். போக நூறு கிலோமீட்டருக்கு மேல், வர நூறுக்கு மேல். அப்படி ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது திருப்பதியில் பஸ் மாற வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிவாசல். உளூ செய்துவிட்டு லுஹரை ரெண்டாகத் தொழுதேன். சலாம் கொடுத்த கையோடு எழுந்து அஸரையும் ரெண்டாகத் தொழுதேன். பையை எடுக்கப் போனால் ஒரு பெரியவர் வழிமறித்தார்.

"பாய், இப்ப ரெண்டாவதா என்ன தொழுதீங்க?"

"அஸர்."

"அஸர் வக்தே வரலியே! எப்படி கூடும்? திருப்பித் தொழணும்."

உருது, தெலுங்கு, கொஞ்சம் தமிழ் எல்லாம் கலந்து சொன்னார். நான் ஷாஃபிஈ, ஊர் காயல்பட்டினம் என்றேன். அவருக்கு இரண்டும் புதிதாக இருந்தன. ராயலசீமா பக்கம் பள்ளிவாசல்கள் அநேகமாக எல்லாம் ஹனஃபிதான். நல்லவேளையாக இமாம் வந்து, "அவர் மத்ஹபில் அது உண்டு, விடுங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தார். பஸ் போய்விட்டது, அது வேறு கதை.

நம் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சட்டமே தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கி விடுகிறேன். பயணத்தில் நாலு ரக்அத் தொழுகைகளான லுஹர், அஸர், இஷா மூன்றையும் ரெண்டாகச் சுருக்கலாம். இது கஸ்ர். சுபுஹும் மஃரிபும் அப்படியே இருக்கும், அதில் கை வைக்க முடியாது. லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் ஒரே வக்தில் சேர்த்துத் தொழலாம். இது ஜம்உ. முந்திய வக்திலும் சேர்க்கலாம், பிந்திய வக்திலும் சேர்க்கலாம். முந்திய வக்தில் சேர்த்தால் வரிசை மாறக்கூடாது, நடுவில் பெரிய இடைவெளி விடக்கூடாது, முதல் தொழுகை முடிவதற்குள் சேர்க்கிறேன் என்ற நிய்யத் வந்துவிட வேண்டும். பிந்திய வக்துக்குத் தள்ளுவதானால் முந்திய வக்து முடிவதற்குள் அந்த நிய்யத் இருக்க வேண்டும். சுபுஹை எதோடும் சேர்க்க முடியாது. உள்ளூர் இமாம் பின்னால் நின்றால் பயணியும் நாலுதான் தொழ வேண்டும்.

ஹனஃபியில் சுருக்குவது சலுகை இல்லை, கடமை. ஆனால் சேர்ப்பது ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும்தான். அதனால்தான் பெரியவர் பதறினார். அவர் பக்கம் நின்று பார்த்தால் நான் அஸரை வக்துக்கு முன்னால் தொழுதுவிட்ட ஆள். ஷாஃபிஈயில் சுருக்குவதும் சேர்ப்பதும் இரண்டுமே சலுகை. வேண்டாம் என்றால் முழுதாகவும் தொழலாம்.

தூரக்கணக்கு? ஷாஃபிஈயில் இரண்டு மர்ஹலா. கிலோமீட்டரில் அது எத்தனை என்பதில் ஆலிம்களே ஒன்றுபடவில்லை. 80-ஐ ஒட்டிச் சொல்பவர்களும் உண்டு, 130-ஐத் தாண்ட வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் 80-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனது. காளஹஸ்தி அதற்குள் வந்தது. இப்போது கூட்டமெல்லாம் திருப்பதியில், நாற்பது கிலோமீட்டருக்குள். அரசாங்கம் மாவட்டத்தைப் பிரித்ததில் எனக்கு மாதாந்திர கஸ்ர் போயிற்று :-)

வங்கிக்காரனுக்கு இந்தச் சட்டம் சட்டென்று புரிந்துவிடும். டூர் போனால் ஹால்டிங் அலவன்ஸ் உண்டு. போஸ்டிங் ஊரில் கிடையாது. இது டூரா, போஸ்டிங்கா? அங்கேயும் அதே கேள்விதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டி.ஏ. பில்லுக்கு டிக்கெட் வைக்க வேண்டும், மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், பிறகு ஆடிட்டர் வேறு குடைவார். கஸ்ருக்கு வவுச்சரே இல்லை. நீ பயணியா குடியிருப்பவனா என்பதை உன் நிய்யத்துதான் தீர்மானிக்கிறது. பில் போடுவதும் நீ, பாஸ் பண்ணுவதும் நீ. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் பி.காம் வகுப்புத் தோழன் ஒருவன் தம்மாமில் பதினைந்து வருஷமாக இருக்கிறான். பள்ளிக்குப் போகாமல் தனியாகத் தொழும்போதெல்லாம் ரெண்டுதான். கேட்டால், "நாமெல்லாம் இங்க முஸாஃபிர்தானேடா, எப்ப அனுப்புவான்னு யாருக்குத் தெரியும்" என்பான். கேட்கும்போது மனசுக்கு என்னவோ போலத்தான் இருக்கும். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் பர்ஸில் இருக்கும் அட்டைக்குப் பெயரே இகாமா. தங்கியிருத்தல் என்று அர்த்தம். தங்கியிருப்பவனுக்கு ஃபிக்ஹு புத்தகத்தில் முகீம் என்று பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். வாடகை வீடு இருக்கிறது, பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள், வருஷம் பூரா வேலை. ஷாஃபிஈயில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நாலு முழு நாள் தங்குவதாக நிய்யத் வைத்தாலே சலுகை முடிந்தது. ஹனஃபியில் 15 நாள். பதினைந்து வருஷத்தை எந்த மத்ஹபில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அஜர்பைஜானில் பனியில் மாட்டிக்கொண்டு இப்னு உமர் ஆறு மாதம் கஸ்ர் தொழுததாகச் சொல்வார்கள். அது வழி திறந்தால் மறுநாளே கிளம்பக் காத்திருந்தவரின் கதை. மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டுகிறவன் கதை இல்லை.

தோழனை மட்டும் சொல்வானேன், என் கணக்கையே பார்ப்போம். குடும்பம் சென்னையில், நான் காளஹஸ்தியில். திங்கள் காலை வந்தால் சனி சாயங்காலம் கிளம்புவேன். வரும் நாள், போகும் நாளைக் கழித்தால் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு முழு நாள், ஆக முகீம். ஆனால் இரண்டாம் சனியும் நாலாம் சனியும் வங்கி விடுமுறை. அந்த வாரங்களில் வெள்ளி இரவே கிளம்பிவிடுவேன். கழித்தால் மூன்றே நாள், முஸாஃபிர்! ஒரே ஊர், ஒரே அறை, ஒரே தொழுகைப் பாய். ஒரு வாரம் நாலு, மறுவாரம் ரெண்டு. கணக்கு பிசகாமல் வருகிறது. ஆனாலும் நான் நாலுதான் தொழுகிறேன். போஸ்டிங் ஆர்டர் வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்து, காஸ் கனெக்‌ஷன் மாற்றிக்கொண்டு வந்தவன் நான். ராகு கேது பூஜைக்குக் காலையில் வந்து மத்தியானம் பஸ் ஏறும் கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். பயணி என்றால் அவர்கள். மூன்று வருஷம் என்று சொல்லி அனுப்பினார்கள், அது முடிந்தும் இங்கேதான் இருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. சலுகையைத் தொட்டாலே ஈமான் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சென்னையிலிருந்து ஊருக்குக் காரில் போனது. வீட்டுக்காரர் சுருக்கவும் மாட்டார், சேர்க்கவும் மாட்டார். ஒவ்வொரு வக்துக்கும் வண்டியை நிறுத்தினார். அவருக்கென்ன, எந்தப் பள்ளியிலும் நுழைந்துவிடலாம். நெடுஞ்சாலைப் பள்ளிகளில் பெண்களுக்கு இடம் எத்தனையில் இருக்கிறது? மனைவியும் வயதுக்கு வந்த மகளும் பெட்ரோல் பங்க் கழிவறையில் உளூ செய்துவிட்டு, கார் மறைவில் துப்பட்டாவை விரித்துத் தொழுதார்களாம். அஸருக்கும் அப்படி, மஃரிபுக்கும் அப்படி, இஷாவுக்கும் அப்படி. மகள் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இதில் என்ன பக்தி என்று எனக்குப் புரியவில்லை. பயம் நீங்கிய பிறகும் ஏன் சுருக்க வேண்டும் என்று உமர் அவர்களுக்கே சந்தேகம் வந்து நபியவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அது அல்லாஹ் கொடுத்த தர்மம், வாங்கிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தருபவன் தரும்போது வேண்டாம் என்று வீறாப்புக் காட்டுவது நமக்கு எதற்கு? இன்னொன்று. தொழுகை முதலில் ரெண்டு ரெண்டாகத்தான் கடமையானது, பிறகு ஊரில் இருப்பவர்களுக்குக் கூட்டப்பட்டது, பயணத்தில் பழையபடியே விடப்பட்டது என்று ஆயிஷா அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் உண்டு. அப்படிப் பார்த்தால் ரெண்டைக் குறை என்று எப்படிச் சொல்வது?

பெரியவர்களுக்குள்ளேயே இதில் வேறுபாடு இருந்தது. உஸ்மான் அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது மினாவில் நாலு தொழுதார்கள். மக்காவில் குடும்பம் ஆகிவிட்டது என்பது உட்படப் பல காரணங்கள் சொல்கிறார்கள். இப்னு மஸ்ஊதுக்கு அதில் உடன்பாடில்லை. இருந்தும் அவர்கள் பின்னால் நின்று நாலு தொழுதார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பிளவு கெட்டது என்பதுதான் பதில். திருப்பதி இமாம் அன்றைக்குச் செய்ததும் அதுதான்.

சரி, சொந்த ஊருக்குப் போனால்? வெளியூரில் இருக்கும் எல்லாரும் இதில்தான் தடுமாறுகிறோம்.

உம்மா இருந்தவரை எனக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஊர் எல்லையில் ரயில் நுழைந்தால் நாலு, அவ்வளவுதான். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் ஆனால் மனைவி வீட்டோடு போய்விடுவான். நான் கல்யாணம் செய்தது சென்னையில். ஆக ஊரில் எனக்கென்று ஒரு செங்கல் கிடையாது. உம்மா மௌத்தான பிறகு அந்த வீடு முழுசாக லாத்தாவுக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வழக்கம் அது. ரிட்டயர் ஆனால் எங்கே என்று கேட்டால், பிள்ளைகள் சென்னையை விட்டு வர மாட்டார்கள் என்று எனக்கே தெரியும்.

மக்கா வெற்றியின்போது, கி.பி. 630-ல், நபியவர்கள் மக்காவில் கஸ்ர் தொழுதார்கள். 19 நாள் என்பது இப்னு அப்பாஸின் அறிவிப்பு. (நாலு நாள் கணக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். எப்போது கிளம்புவோம் என்று முடிவாகாத தங்கல் அது என்பது ஷாஃபிஈ தரப்பு விளக்கம்.) எனக்கு நாள் கணக்கை விட ஊர்தான் உறைத்தது. பிறந்த ஊர். 50 வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஊர். அங்கே நின்று ரெண்டில் சலாம் கொடுத்துவிட்டு, நாங்கள் பயணிகள், நீங்கள் எழுந்து நாலாக முடித்துக்கொள்ளுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அக்கீல் நமக்கு வீடு எதையாவது விட்டு வைத்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டார்களாம். பாதிப் பேர் ஊரில் நம் நிலைமையும் அதுதானே. ஊரை நேசிப்பது வேறு, ஊரில் குடியிருப்பது வேறு. ஊரை விட்டு வந்து இருபது வருஷமான பிறகும் அங்கே போனால் நான் முகீம் என்று சொல்லிக்கொள்வதும், தம்மாமில் பதினைந்து வருஷம் இருந்துகொண்டு நான் முஸாஃபிர் என்று சொல்லிக்கொள்வதும் எனக்கு ஒரே தப்பாகத்தான் தெரிகிறது. ஊரில் வீடு கட்டிப் போட்டு, கடைசியில் அங்கேதான் போய்ச் சேரப் போகிறேன் என்ற நிய்யத் உள்ளவர்கள் நாலு தொழுங்கள், அவர்களுக்கு அது வத்தன். அந்த நிய்யத் இல்லாதவர்கள் உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் கேட்கும்போது உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்.

உம்மா போனதற்குப் பிறகு முதல் தடவையாக மூன்று நாள் லீவில் போனேன். முதல் ராத்திரி இஷாவுக்கு ஜமாஅத்தில் நின்றதால் நாலு, பிரச்சினை வரவில்லை. மறுநாள் லுஹருக்குப் பள்ளிக்குப் போகப் பிந்திவிட்டது. வீட்டிலேயே, உம்மா தொழும் இடத்திலேயே, பாயை விரித்து நின்றேன். ரெண்டில் அத்தஹிய்யாத்து ஓதி சலாம் கொடுத்தேன். லாத்தா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, ரெண்டோட முடிச்சிட்டே? எண்ணிக்கை தப்பிடிச்சா?"

"இல்ல லாத்தா. நான் முஸாஃபிர். நாளான்னைக்குக் கிளம்புறேன்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உம்மா இருந்திருந்தா ஒனக்கு ரெண்டு போட்டிருப்பா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பரில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் போவதாக இருக்கிறேன். அப்போது ஷாஃபிஈ கணக்குப்படி நாலு. லீவு இன்னும் சாங்ஷன் ஆகவில்லை.