எஸ். சந்திரசேகர் என்றால் எவர்?

நூலக அட்டவணையில் எஸ். சந்திரசேகர் என்று தேடினால் குறைந்தது மூன்று பேர் அகப்படுவார்கள். ஒருவர் நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டவர். இன்னொருவர் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். மூன்றாமவர் மத்திய அமைச்சர்.

முதலாமவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது வயது 19. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக அடங்க முடியாது என்ற கணக்கு அந்தப் பயணத்தில் உருவானது. 1935-ல் வானியல் மேதை எடிங்டன் சபையிலேயே அதைக் கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983-ல்.

அதே 1983-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். நீண்ட குச்சி போன்ற மூலக்கூறுகள்தான் திரவப் படிகமாகும் என்று விஞ்ஞானிகள் நினைத்திருந்தபோது, தட்டையான வட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும் என்று 1977-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சகாக்களுடன் காட்டியவர்.

இந்த இருவருக்கும் பெயர் ஒன்றானது வெறும் தற்செயல் அல்ல. முதலாமவர் சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். இரண்டாமவர் ராமனின் சகோதரி மகன். ராமனின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'சி', அவருடைய தந்தை சந்திரசேகர ஐயரைக் குறிப்பது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. மகன் வழியில் ஒரு பேரன், மகள் வழியில் ஒரு பேரன். இருவரின் தந்தையர் பெயரும் 'எஸ்'ஸில் தொடங்கியதுதான் தற்செயல்.

மூன்றாமவருக்கு இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லை. ராஜமுந்திரியில் பிறந்த மக்கள்தொகை நிபுணர் ஸ்ரீபதி சந்திரசேகர், 1967-ல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைகளை ஏற்றார். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்க வாதாடினார். 1971-ல் அந்தச் சட்டம் நிறைவேறியபோது அவர் பதவியில் இல்லை.

இனிஷியல் வேறானாலும் செல்லப் பெயரில் குழப்பம் உண்டு. 1999-ல் நாசா அனுப்பிய எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு நோபல் விஞ்ஞானியின் நினைவாக 'சந்திரா' என்று பெயர். கிரிக்கெட் ரசிகர்களின் சந்திராவோ மைசூரில் பிறந்த பி.எஸ். சந்திரசேகர். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது கையாலேயே பந்து வீசி, 1971 ஓவல் டெஸ்டில் 38 ரன்களுக்கு 6 விக்கெட் சாய்த்தார். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு முதல் தொடர் வெற்றி அதுதான். டெஸ்ட்களில் அவர் எடுத்தது 242 விக்கெட். அடித்தது 167 ரன் மட்டுமே.

வடக்கே இனிஷியல் வழக்கம் இல்லை. 1990 நவம்பரில் பிரதமரான பலியாக்காரர் வெறும் சந்திரசேகர்தான். அவருக்கு முந்தைய தலைமுறையில் இன்னொரு சந்திரசேகர், 1921-ல் சிறுவனாக நீதிமன்றத்தில் நின்றபோது தன் பெயர் 'ஆசாத்' என்றார்; சுதந்திரமானவன் என்று பொருள். 1931-ல் அலகாபாத் பூங்காவில் போலீஸ் சூழ்ந்தபோது பிடிபடாமலே உயிர்விட்டார். அந்தப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர். அதில் பாதி வீட்டில் வைத்தது. மீதி அவரே வைத்துக்கொண்டது.