கடல்மீது தீபாவளி காண்பது குற்றமா?

தீபாவளி விடுமுறையில் நண்பர் குழாத்தோடு உல்லாசக் கப்பலேறிச் செல்வோர் நம்மிடையே உளர். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கையோ புக்கெட்டையோ கண்டு, மூன்று நான்கு நாள்களில் மீள்வர். இதனைக் கண்டு சினங்கொள்வோரும் உளர். ‘பண்பாட்டுச் சீரழிவு’ என மேடையில் முழங்குகின்றனர். அச்சொல்லையே கட்டுரைக் குறிப்பாகக் கரும்பலகையில் எழுதி, மாணவர் மனத்தில் ஊன்றி விடுவோரும் இருக்கின்றனர். இத்தீர்ப்பு நேர்மையானதன்று என்பதே என் வாதம்.

திருநாளுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று வினவுகின்றனர். தமிழாசிரியர் இவ்வாறு வினவலாமா? இந்திர விழாவின் நிறைவிற் புகார் மக்கள் கடலாடச் சென்றதைச் சிலப்பதிகாரம் காட்டவில்லையா? பினாங்குத் தெலுக் பஹாங்கில் மாசிமகத்தன்று அம்மன் மிதவைத் தேரேறிக் கடலில் உலா வருவதை நாம் அறியோமா? மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பில் சூன் 29ஆம் நாள் புனித பேதுரு திருநாளில் மீனவர் தம் படகுகளை அணிசெய்து ஆசி பெறுகின்றனர். கடலைத் திருநாளினின்று விலக்கி வைத்த மரபு இம்மண்ணில் எவருக்கும் இல்லை.

கடற்பயணம் மகளிரொடு கூடியதன்று எனத் தொல்காப்பியம் கூறும் என்று மறுப்போரும் உண்டு. அவ்விதியை அப்படியே கைக்கொண்டிருந்தால் நம் பாட்டியர் இந்நாட்டை மிதித்திருப்பரோ? 1926இல் கட்டப்பெற்று, 1973 வரை தமிழரைச் சுமந்து வந்த ரஜூலாவின் மேல்தளத்திற் பாய்விரித்துப் படுத்து வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். ஐப்பசியிற் கப்பலேறியவர்கள் நடுக்கடலிலேயே தீபாவளியைக் கண்டிருத்தல் கூடும். அவர்களைச் சீரழிந்தோர் என்று எவரேனும் கூறத் துணிவரா? அவர்கள் பிழைப்புக்காக வந்தனர், இவர்கள் களிப்புக்காகச் செல்கின்றனர் என்பீராயின், உம் சினம் கடலின்மீது அன்று. பிறர் களிப்பின்மீது என்றாகிறது.

அடுத்த குற்றச்சாட்டு விளக்கைப் பற்றியது. கப்பலறையில் அகல்விளக்கு ஏற்ற இசையார். மின்கலத்தால் எரியும் விளக்கே உண்டு. ‘பொம்மை விளக்குக்கு ஒரு தீபாவளியா?’ என்று எள்ளுகின்றனர். கப்பலில் தீ என்பது எத்தகைய பகையென நம்மினும் அறிந்தவர் யார்? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலிகொண்டது. அத்துடன் அதன் பயணிகள் சேவையே முடிந்தது. அதனை அறிந்தவர் எள்ளி நகையாடார். மேலும், 1972இல் சிங்கப்பூர் பட்டாசு வெடித்தலை முற்றாகத் தடைசெய்தது. வெடியோசை அடங்கியதால் ஆங்குத் தீபாவளி மாய்ந்துவிட்டதா? மாறும் நடைமுறைகளைத் தாங்கி நிற்கும் ஆற்றல் அத்திருநாளுக்கு உண்டு.

மூன்றாவது குற்றச்சாட்டே வலுவானது. நம் நாடுகளில் தீபாவளியின் உயிர்நாடி திறந்த இல்ல உபசரிப்பு. மலாய் நண்பரும் சீன நண்பரும் வந்து உண்டு மகிழும் வாயிலைப் பூட்டிவிட்டுச் செல்வது முறையோ என்கின்றனர். முறையன்றுதான். ஆயின் அவ்வுபசரிப்பு ஒரு நாளில் முடிவதன்று. திருநாளுக்குப் பின் வாரக்கணக்கில் நீள்வது. கப்பலினின்று மீண்டவர்க்கு வாயிலைத் திறக்கக் காலம் உண்டு. கப்பலில் உடன் வரும் நண்பருள் வேற்றினத்தார் இருப்பின், அரைமணி நேர வருகைக்கு மாறாக மூன்று நாள் ஒரே மேசையில் உண்டு பழகும் வாய்ப்பும் வாய்க்கிறது. மறுபுறம், ஊரில் இருந்தும் கதவைச் சாத்தித் தொலைக்காட்சிமுன் நாளைக் கழிப்போர் எத்துணையர்! அவர்களை நோக்கி எந்த மேடையும் முழங்குவதில்லையே, ஏன்?

இனி, சினங்கொள்வோர் பேச மறுக்கும் ஒன்றைப் பேசுவோம். முறுக்கும் அதிரசமும் தாமே சட்டியினின்று எழுந்து தட்டில் அமர்வதில்லை. திருநாளுக்குப் பன்னாள் முன்பே அடுப்படியில் நிற்பவள் இல்லத்தரசி. விடியுமுன் எழுந்து எண்ணெய் காய்ச்சி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, விருந்தினர் சென்ற பின் நள்ளிரவில் பாத்திரம் துலக்குபவளும் அவளே. ஆடவர் கூடத்தில் அமர்ந்து பண்பாடு பேசுகின்றனர். ஓர் ஆண்டேனும் பிறர் சமைத்ததை உண்டு, கடற்காற்றில் அமர்ந்து தன் தோழியரோடு அவள் சிரித்து மகிழ்ந்தால், சீரழிவது எது? பண்பாடா, ஆடவரின் வசதியா? அவள் கப்பலேறுதலை விரும்பாதோர் முதலிற் கரண்டியைக் கையிலெடுக்கட்டும்.

கப்பற்பயணம் அனைத்தும் போற்றத்தக்கது என்று நான் சாதிக்கவில்லை. முதிய பெற்றோரைத் தனியே விட்டுச் செல்வது கொடுமை. கடன்பட்டுச் சீட்டு வாங்குவது பேதைமை. ஆயின் பெற்றோரைப் புறக்கணித்தல் தரையிலும் கொடுமையே. கடன்பட்டுப் பட்டும் பொன்னும் வாங்குதல் கடைத்தெருவிலும் பேதைமையே. குற்றம் எங்கு நிகழினும் குற்றமெனக் கூறுக; கப்பலுக்கென்று தனித் தராசு தூக்கற்க.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கப்பலில் தீபாவளி’ என்னும் தலைப்பை மாணவருக்குக் கொடுங்கள், தீர்ப்பைக் கொடாதீர்கள். தத்தம் இல்லத்தில் அன்று விடியல் முதல் இரவு வரை யார் யார் என்னென்ன பணி செய்கின்றனர் என்று பட்டியலிட்டு வரச் சொல்லுங்கள். மாணவர்களே, அப்பட்டியலை உங்கள் தாயாரிடம் ஒருமுறை காட்டி, விடுபட்டவற்றைக் கேட்டெழுதிய பின்னரே பண்பாட்டைப் பற்றிய முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.