யாரை? யாருக்கு?

ஆங்கில வாக்கியத்தில் டைரக்ட் ஆப்ஜெக்ட் எது, இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் எது என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். வினைச்சொல்லைப் பார்த்து 'வாட்' என்று கேட்டால் வருவது டைரக்ட். 'ஹூம்' என்று கேட்டால் வருவது இன்டைரக்ட். அவ்வளவுதான், அடுத்த பாடம்!

'ஷீ கேவ் ரவி எ புக்' என்ற வாக்கியத்தில் இது ஒழுங்காக வேலை செய்கிறது. எதைக் கொடுத்தாள்? புத்தகத்தை. யாருக்கு? ரவிக்கு. சரி, 'ஷீ மெட் ரவி' என்று எழுதிப் பாருங்கள். 'ஹூம்' என்று கேட்டால் ரவி வருகிறான். சொல்லிக் கொடுத்தபடியே மாணவன் இன்டைரக்ட் என்று எழுதுகிறான், மார்க் போகிறது. அங்கே ரவிதான் டைரக்ட் ஆப்ஜெக்ட். வேறு ஆப்ஜெக்டே கிடையாது.

கோளாறு மாணவனிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 'ஹூம்' என்ற ஒரே சொல் 'யாரை', 'யாருக்கு' இரண்டுக்கும் பொது. பழைய ஆங்கிலம் இப்படி இல்லை. 'அவனை' என்பதற்கு 'ஹினெ', 'அவனுக்கு' என்பதற்கு 'ஹிம்' என்று தனித்தனியாக இருந்தன. பிறகு 'ஹினெ' வழக்கொழிந்து, 'ஹிம்' இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. 'ஹூம்' கதையும் அதேதான்.

ஆங்கிலம் தொலைத்த அந்த வேறுபாடு தமிழில் இன்றும் இருக்கிறது. 'ஐ' இரண்டாம் வேற்றுமை, 'கு' நான்காம் வேற்றுமை. தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான்! 'யாரைச் சந்தித்தாள்? யாருக்குக் கொடுத்தாள்?' என்று கேட்டால் இந்தக் குழப்பம் வராது. ஆனால் இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் வாயைத் திறந்தாலே குற்றம் என்று நினைக்கும் பள்ளிகளில் இதை யார் கேட்பது?

தமிழே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் பொய். 'ஆஸ்க் ஹிம் எ கொஸ்டின்' தமிழில் 'அவனிடம்' என்றுதான் வரும். ஆனாலும் 'ஹிம்' இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்தான். 'எனக்கு விளக்குங்கள்' என்பதை அப்படியே 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று மாற்றினால் தப்பு. நடுவில் 'டு' வேண்டும். இந்த விதிவிலக்குகளைச் சொல்லித் தரத்தானே ஆசிரியர் இருக்கிறார்?

இரண்டு மொழி தெரிந்த பிள்ளையிடம் ஒரு மொழியைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஓட்டைக் குறுக்குவழி ஒன்றைக் கையில் கொடுப்பது பாடம் நடத்துவது ஆகாது. அடுத்த முறை 'ஹூம்' என்று யாராவது கேட்டால், யாரையா, யாருக்கா என்று திருப்பிக் கேளுங்கள்.