வினா பிறக்கும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன், மக்கள் நல்வாழ்வுத் துறையில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்திருந்த மாணவர் ஒருவர், தம் ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கித் தருமாறு என்னை நாடி வந்தார். ‘கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா?’ என்பது அதில் ஒரு வினா. பெயர்த்துக் கொடுத்தேன், சொல்லில் பிழையில்லை. அவருடன் ஒருநாள் களத்திற்கும் சென்றேன். தாய் ஒருவர் ‘இல்லை’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘பல் முளைக்குது, அதான் ரெண்டு நாளா அஞ்சாறு தடவை தண்ணியாப் போவுது’ என்றார். நாளொன்றுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ இளகிக் கழிவது வயிற்றுப்போக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அத்தாய்க்கோ அது நோயே அன்று. வினாவை மாற்றலாமே என்றேன். ஆய்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டது, இனிக் கைவைக்க இயலாது என்றார்.

குறை அம்மாணவருடையதன்று. மாதிரி அளவைக் கணிக்கும் வாய்பாட்டையும் புள்ளியியல் சோதனைகளையும் முதலில் புகட்டிவிட்டு, அவற்றுக்கேற்ற வினாவைத் தேடி வருமாறு அனுப்புகிறோம். செருப்புக்காகக் காலை வெட்டும் கதைதான்.

வினாவிலிருந்து முறை பிறப்பதைக் காண விரும்புவோர், இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1854இல் செய்த ஆய்வைப் பயில வேண்டும். காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. நீரால் பரவுவது மெய்யானால், ஒரே தெருவில் ஒரே காற்றைச் சுவாசித்து, வெவ்வேறு நீரைப் பருகுவோரிடையே வேறுபாடு தெரிய வேண்டுமல்லவா? தென் இலண்டனில் இரு நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருக்களில் ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852இலேயே தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிவிட்டது. சதர்க்–வாக்ஸ்ஹால் நிறுவனம் சாக்கடை கலந்த பகுதியிலேயே நீரெடுத்தது. ஸ்நோ இறப்பு நேர்ந்த வீடுகளுக்கு நடந்தார். நீர் தருவது எந்நிறுவனம் என்பதே பலருக்குத் தெரியவில்லை! மனிதர் சோர்ந்துவிடவில்லை. வெள்ளி நைட்ரேட்டால் நீரின் உப்பைச் சோதித்து நிறுவனத்தைக் கண்டறிந்தார். ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு சதர்க்–வாக்ஸ்ஹால் பக்கம் 315 இறப்புகள். லாம்பெத் பக்கம் 37. கணக்கு என்னவோ வெறும் வகுத்தல்தான். ராபர்ட் கோக் அக்கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

ஆகவே, முனைவர் பட்ட மாணவர் முதல் சில மாதங்கள் வினாநிரலின்றி ஊருக்குள் இருக்கட்டும். எந்த விடை கிடைத்தால் தம் கருதுகோள் பொய்த்துவிடும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். அதை எழுத இயலாதவருக்கு நெறியாளர் ஒப்பமிட வேண்டாம். காலக்கெடு நெருக்குமே என்பர். நெருக்கும்தான். தவறான வினாவுக்கு ஆயிரம் பேரிடம் விடை திரட்டுவதும் காலத்தை விழுங்குவதே. தமிழ்த் துறையாரையும் இறுதியில் மொழிபெயர்ப்புக்காக அன்றி, வினா கருக்கொள்ளும்போதே அழைக்கட்டும்.

அன்று அத்தாய் மேலும் ஒரு வார்த்தை பேசியதால் அக்குழந்தை கணக்கில் சேர்ந்தது. ‘இல்லை’ என்பதோடு நின்றுவிட்ட வீடுகள் எத்தனை என்பது அந்த ஆய்வேட்டில் இல்லை.